குப்பத்துக்கு ஒரு சிற்பம்: ஃபைபரா சிமெண்டா, ஆமையா நண்டா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

எண்ணூர் பக்கம் இருக்கிறோம். போன டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரமே கறுத்துப்போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் இறக்கையெல்லாம் எண்ணெயோடு நின்ற கூழைக்கடாவைப் பார்த்ததிலிருந்து அதற்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்று எங்கள் பசங்க பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஃபைபரில் ஆறடி உயரத்துக்குச் செய்து தருகிறேன் என்கிறார்கள். சிலர் ஊர்க்காரர்களே சேர்ந்து செய்யலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் சிற்பம் தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை. பத்துப் பேர் கை வைத்தால் கூழைக்கடா வாத்தாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 12 பிப்ரவரி 2024

வாத்தானால்தான் என்ன, தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தாலும் அதைப் பார்ப்பார்கள் இல்லையா.

திருவொற்றியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் தொழில். எங்கள் குப்பத்திலும் இதே பேச்சு ஓடுகிறது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபைபரை நான் குறை சொல்ல மாட்டேன், காசிமேட்டில் நிறையப் படகு ஃபைபர்தான். ஆனால் படகுக்காரன் அவ்வப்போது படகைக் கரையேற்றித் தேய்த்து, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்துத்தான் மறுபடி இறக்குகிறான். வெயிலில் நின்ற ஃபைபர் நிறம் செத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். சிலைக்கு வருஷா வருஷம் யார் பெயிண்ட் அடிப்பது? அதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, கூழைக்கடாவின் அலகு. நீளமாக நீட்டிக்கொண்டு இருக்கும். முதல் வாரமே ஒரு பையன் அதில் தொங்குவான். உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது மனதைத் தொடுகிறது என்பதோடு எது குட்டையாக, தடியாக, உட்கார வாகாக இருக்கிறது என்றும் பாருங்கள்.

18 பிப்ரவரி 2024

இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடைபாதை, சாலை ஓரம், முச்சந்தி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பொதுச்சாலை, நடைபாதை மாதிரி இடங்களில் சிலை வைக்க அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. தலைவர் சிலைகளை மனதில் வைத்துப் போட்டதாக இருக்கலாம். நம் நண்டு, ஆமை, கொக்கை மட்டும் தனியாக யாரும் விடப்போவதில்லை. கடலை ஒட்டியிருந்தால், 500 மீட்டருக்குள் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை விதிப் பேச்சும் வரும்.

எங்களுக்கு வாய்த்தது வலை பின்னும் கூடத்தின் முன்வாசல், ஊர்ச் சபையின் இடம். வேலி போட்ட இடமாக இருந்தும் பாதி குப்பை. தோண்டாமல், செங்கல் அடுக்கி மேலே நாலு அங்குலம் கான்கிரீட் பலகை போட்டு அதன்மேல் வைக்கிறோம் என்று வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதிலும் வாங்கினோம். வாய்மொழியாகச் “சரி, செய்ங்க” என்றால் நம்பாதீர்கள். அதைச் சொன்னவர் அடுத்த மாசம் மாற்றலாகிப் போயிருப்பார்.

25 பிப்ரவரி 2024

நேற்று கூட்டம். நான் ஆமை என்று முடிவே செய்து, படமும் வரைந்து எடுத்துப் போனேன். பங்குனி ஆமை. ஓடு இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேலே, கவிழ்த்த சட்டி மாதிரி. கம்பி வளைக்க இதைவிடச் சுலபமான பிராணி கிடையாது. முட்டையிடக் கரைக்கு வருவது, மணல் குறைந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். துறைமுகம் கட்டினதிலிருந்து தெற்கேயிருந்து வரும் மணல் மெரினாவில் தங்கிவிடுகிறது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்கிறது, அதனால்தான் இங்கே கருங்கல்லும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு), ஆமைக்கு ஏறி வர இடமே இல்லை என்றெல்லாம் நன்றாகத்தான் பேசினேன்.

இட்லி கடை ஆயா எழுந்தார். “ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாது. அமீனா ஏற்கெனவே ரெண்டு வாட்டி வந்துட்டுப் போயிட்டான். நீ ஆமையை வேற கூட்டினு வர்றியா?”

கூட்டம் முடிந்தது.

26 பிப்ரவரி 2024

“அது மூடநம்பிக்கை, எடுத்துச் சொல்லிப் புரியவைத்திருக்கலாமே” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, நீங்கள் வந்து அந்த ஆயாவுக்குப் புரியவையுங்கள், ஆட்டோ காசு நான் தருகிறேன்.

உண்மையில் தப்பு என்னுடையதுதான். படத்தை வரைந்து எடுத்துப்போய் “எல்லாரும் சேர்ந்து செய்வோம்” என்றால் அதில் சேர்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? மறுநாள் காலையில் ஆயாவிடமே போய் “சரி, எதை வைக்கலாம்?” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. “நண்டு வை. முக்கண்ணு நண்டு. அதான் நம்மளுக்குச் சோறு போட்டுது.” அவர் புருஷன் நண்டு வலைக்காரர், அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது, அதனால்தான் வெளியில் வைக்கிறோம் என்று ஒருத்தன் சொல்ல, அதையே பலகையில் எழுத வேண்டும் என்று பசங்க அடம்பிடிக்கிறார்கள்.

3 மார்ச் 2024

மாதிரி எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு. கொசப்பேட்டையில் பொம்மை செய்கிற ஒருவரிடம் களிமண் வாங்கி வந்தோம். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் இரண்டு நண்டு எடுத்துக் கூடத்துத் தரையில் தட்டில் வைத்து, பதினெட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து செய்தார்கள். பதினெட்டும் பதினெட்டு விதம். ஒன்றுக்குப் பன்னிரண்டு கால்.

பெரியவர்கள் செய்தவைதான் மோசம். எல்லாரும் மனதில் இருக்கிற நண்டைச் செய்தோம், எட்டுக் காலும் ஊசி மாதிரி. மீன் விற்கிற அக்கா ஒருவர் தட்டிலிருந்த நண்டின் கடைசிக் காலைப் பிடித்து விரித்துக் காட்டினார். துடுப்பு. தட்டையாக, நுனி வட்டமாக, படகுத் துடுப்பேதான். கடல் நண்டு அதை வைத்துத்தான் நீந்துகிறது. நாற்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன், உறிஞ்சித் துப்பியதைத் தவிர அந்தக் காலை நான் பார்த்ததே இல்லை. ஓட்டின் விளிம்பில் பக்கத்துக்கு ஒன்பது பல் இருக்கிறது, ஒன்பதாவது மட்டும் நீளமான முள். முதுகில் வெள்ளை வளையம் போட்ட மூன்று செம்பொட்டு, அதுதான் முக்கண். இவ்வளவையும் அன்றைக்குத்தான் எண்ணினோம்.

மாமல்லபுரத்தில் பேன் பார்க்கிற குரங்குக் குடும்பத்தைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நினைவில் வைத்துச் செய்தால் அப்படி வராது, அந்த ஆள் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பத்துப் பேர் கை வைப்பதில் கெடுதல் வராது. பத்துப் பேரும் பார்க்காமல் கை வைத்தால்தான் வாத்து வரும்.

மாடல் இரண்டும் சாயங்காலம் குழம்பாகிவிட்டன.

24 மார்ச் 2024

கம்பி வேலை ஆரம்பம். ஓடு குறுக்கே ஐந்தடி, உட்காரும் உயரம் ஒன்றரை அடி. விலா மாதிரி 8 எம்எம் கம்பி, குறுக்கே 6 எம்எம், மேலே கோழி வலை இரண்டு சுற்று, எல்லாம் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியது. கொடுக்கு இரண்டையும் தரையோடு தாழ்த்திவிட்டேன், சின்னப் பிள்ளைகள் அதை மிதித்து மேலே ஏறலாம். ஒன்பதாவது முள்ளை மட்டும் உருண்டையாக்கினோம், சின்னப் பிள்ளைகள் கண்ணுக்கு நேராக வரும் உயரம்.

சொந்தப் பட்டறைப் பழக்கத்தில் கம்பிக்கெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, “அண்ணே, கேட்டுக்கு அடிக்கிறதை இதுக்கு ஏன் அடிச்சீங்க, சாந்து எப்படிப் பிடிக்கும்?” என்றார். கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய்த்து எடுக்க இரண்டு நாள்.

கம்பிக்கு மேல் சாந்து எவ்வளவு கனம் வேண்டும் என்று கேட்டவருக்கு: 2 செ.மீ. போதும், மேலே டைல்ஸ் வேறு வருகிறது.

16 ஏப்ரல் 2024

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் லாஞ்ச் (பெரிய விசைப்படகு) கடலுக்குப் போகாது. வேலையை இந்த நேரத்துக்குத் தள்ளி வைத்ததே அதற்குத்தான், ஆள் இருக்கும். நீங்களும் நாளைக் கணக்குப் போட்டு ஆரம்பியுங்கள்.

21 ஏப்ரல் 2024

முதல் பூச்சு. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டரைப் பங்கு சலித்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்). கடல் மணலை வாசலில் வைத்துக்கொண்டு ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று தினமும் ஒருவராவது கேட்கிறார்கள். அதில் உப்பு இருக்கிறது, உப்பு கம்பியைத் தின்னும், அவ்வளவுதான் பதில். தண்ணீருக்கும் அதே விதி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. எங்கள் தெரு போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும், சோதனையெல்லாம் வேண்டாம். குடிக்கிற தண்ணீரில்தான் கலந்தோம். சிமெண்ட் வாங்கும்போது ஸ்லாக் (இரும்பு உருக்காலைக் கசடு) கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றுக்கு அது நல்லது.

கோயில் கோபுரத்தில் சுதை வேலை செய்கிற ஒருவர் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுத்தார். நாங்கள் கரண்டியில் அள்ளி அப்பிக்கொண்டிருந்தோம். அவர் கரண்டியைக் கீழே போடச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு, சாந்தை ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, கட்டை விரலால் வலைக்குள் அமுக்கி, அந்தப் பக்கம் பிதுங்கி வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த உருண்டை. பிதுங்கவில்லை என்றால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் கனமாக ஏற்றாமல் மெல்லிசாக மூன்று தடவை. முதல் பூச்சை ஆணியால் கீறி விட வேண்டும், அடுத்தது பிடிக்க. கையுறை இல்லாமல் நாள் முழுக்கச் செய்த ஒருத்தனுக்கு விரல் நுனியெல்லாம் வெந்துபோனது.

22 ஏப்ரல் 2024

யார் யார் சாந்து அமுக்குகிறார்கள் என்று கேட்டவருக்கு: ஆறு பெண்கள், நாலு லாஞ்ச்காரர்கள், ஒரு போஸ்ட்மேன். போஸ்ட்மேன் ஏன் என்று கேட்காதீர்கள்.

5 மே 2024

தண்ணீர்ச் சண்டை. சிமெண்ட் பூசினால் குறைந்தது பத்து நாள் ஈரமாக வைக்க வேண்டும், இந்த வெயிலுக்குப் பதினாலு நாள். வீட்டுக்கு ஒரு குடம், காலை மாலை, என்று முறை போட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை. “புள்ள குளிக்கத் தண்ணி இல்ல, உன் நண்டு குளிக்கணுமா?” என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

போர் தண்ணீரை ஊற்றலாம் என்றால் அதே உப்பு. கடைசியில் சாக்கை நனைத்துச் சுற்றி, மேலே பழைய பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினோம். உள்ளே ஈரம் நிற்கிறது, ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடம் போதும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மே மாதத்தில் வேலை வைக்கிறவர்கள் தயவுசெய்து ஆள் கணக்கோடு குடக் கணக்கும் போடுங்கள்.

2 ஜூன் 2024

டைல்ஸ். கடைகளில் உடைந்ததைச் சும்மாவே தருகிறார்கள், சாக்கை எடுத்துக்கொண்டு போனால் போதும். வீட்டிலிருந்தும் உடைந்த தட்டு, பீங்கான் ஜாடி மூடி, ஒரு பழைய சாமி படத்து டைல் வந்தது (சாமி மேல் உட்காரக் கூடாதென்று அதைக் கூடத்துத் தூணில் ஒட்டினோம்). முக்கண்ணுக்குச் சிவப்பு டைல் மூன்று கடை அலைந்து கிடைத்தது. ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும், இதில் சோம்பேறித்தனம் பண்ணினால் பிள்ளைகள் தொடை கிழியும். தேய்க்கிற வேலை வயசானவர்கள் கைக்குப் போனது. உட்கார்ந்த இடத்தில் பேசிக்கொண்டே செய்யலாம்.

9 ஜூன் 2024

போன குறிப்பில் எழுத விட்டது: பளபளவென்று இருக்கிற விட்ரிஃபைட் துண்டுகளை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டாதீர்கள். அது தண்ணீரே குடிக்காத டைல், பிடிக்காது. ஒரே வாரத்தில் நாற்பது துண்டு உதிர்ந்தது. அதற்கென்று விற்கிற ஒட்டுப்பசை மாவு வேண்டும். சுவர் டைல் என்றால் பிரச்சினை இல்லை.

15 ஜூன் 2024

முடிந்தது. லாஞ்ச் எல்லாம் கடலுக்குப் போய்விட்டது. திறப்பு விழா வேண்டாம் என்று முடிவு. யார் ரிப்பன் வெட்டுவது என்று ஆரம்பித்தால் அது தேர்தல் வரைக்கும் போகும்.

ஆயா வந்து சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். “ஆணா, பொண்ணா?” வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அடியில் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, வெறும் பூச்சு. நாலு மாதத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

30 ஜூன் 2024

எல்லாம் சரி, மத்தியானம் யாரும் உட்கார முடியவில்லை. டைல்ஸ் சுடுகிறது. “நண்டு வறுவல் சாப்ட்டிருக்கேன், இப்பதான் நண்டு நம்மள வறுக்குது” என்கிறார்கள். வெயில் இறங்கி ஐந்து மணிக்கு மேல்தான் ஆள் வருகிறது. பக்கத்தில் ஒரு பூவரசு நட்டிருக்கிறோம். நிழல் வர வருஷங்கள் ஆகும். எண்ணூர்த் தம்பி, முதலில் மரம் நிற்கிற இடத்தைப் பார், அப்புறம் சிற்பத்தை யோசி.

11 ஆகஸ்ட் 2024

கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மா இன்று நல்ல பாட்டு விட்டார். கொடுக்கு இரண்டும் விரிகிற இடத்தில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். போன மழைத் தண்ணீர் நின்று அதில் புழு நெளிகிறது. டெங்கு கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் நின்றால் போதுமாம். டிரில் போட்டு அடியில் ஓட்டை விட்டேன். டிரில் பண்ணும்போது உள்ளே கம்பியில் பட்டுப் பொறி பறந்தது, அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

24 அக்டோபர் 2024

மார்ச் 24 குறிப்பில் 2 செ.மீ. போதும் என்று எழுதியிருந்தேன். தவறு. தயவுசெய்து அதைப் பார்த்து யாரும் செய்யாதீர்கள்.

போன வார மழை விட்டதும் வலது கொடுக்கில் டீக்கறை மாதிரி ஒரு கோடு. தட்டினால் டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி செதில் செதிலாக. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும், உள்ளேயிருந்து வீங்கிச் சாந்தைப் பிளக்கும். என் டிரில் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது ஒரு காரணம். அந்த இடத்தில் மூடாப்பு, அதாவது கம்பிக்கு மேல் சாந்தின் கனம், ஒரு செ.மீ.கூட இல்லை என்பது பெரிய காரணம். ஐஎஸ் 456-ஐ அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கடலோரக் காற்றுக்கு 45 மி.மீ., கடல் தண்ணீர் தெளிக்கிற இடத்துக்கு 50 மி.மீ. எங்கள் இடத்தில் அலை கருங்கல்லில் அடித்தால் திவலை முகத்தில் விழுகிறது. தண்ணீருக்கு அதே புத்தகத்தைக் காட்டி வகுப்பெடுத்தவன், இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நண்டுக் காலில் இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டால் அது யானைக் காலாகிவிடும் என்பதும் நிஜம். அதனால் மெல்லிய உறுப்புகளுக்கு மட்டும் 316 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பி போடுங்கள். 304 வேண்டாம், உப்புக் காற்றில் அதுவும் கறை பிடிக்கும். விலை உறுத்தும். எங்கள் நண்டுக்கு எட்டுக் காலும் கொடுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன், அதை இங்கே எழுத மனசில்லை. வலது கொடுக்கை மட்டும் உடைத்து 316-ல் திரும்பக் கட்டுகிறேன், கூலி இல்லை, என் தப்பு.

இன்னொன்று, கட்டுக்கம்பி முனையை உள்பக்கமாக மடித்து விடுங்கள். வெளியே எட்டிப் பார்த்த இடமெல்லாம் ஒரு துருப்பொட்டு. இடது பக்கம் எண்ணினேன், பதினாறு.

25 அக்டோபர் 2024

“இதற்கு ஃபைபரே தேவலையே” என்று கேட்டவருக்கு: இருக்கலாம். நேற்று ராத்திரி முழுக்க நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் கொடுக்கு பெயர்ந்தது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? காலையில் ஏழு மணிக்குள் ஒன்பது போன். அந்தக் கொடுக்கில் சாந்து அமுக்கியவள் தன் வீடு இடிந்த மாதிரிப் பேசினாள். ஆர்டர் கொடுத்து வைத்த பொம்மைக்கு யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

1 டிசம்பர் 2024

நேற்று புயல் மழை. புதுக் கொடுக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பூவரசு சாய்ந்துவிட்டது, நிமிர்த்திக் கட்டியிருக்கிறோம்.

26 ஜனவரி 2025

இந்த மாதம் சென்னைக் கடற்கரை நெடுக ஆமைகள் செத்து ஒதுங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கருங்கல் இடுக்கிலும் மூன்று. லாஞ்ச் இழுக்கிற இழுவலையில் மாட்டினால் மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துவிடுகிறது. இதைக் குப்பத்தில் சத்தமாகப் பேச முடியாது, லாஞ்ச்காரனும் ஃபைபர் படகுக்காரனும் ஒரே தெருவில் இருக்கிறோம். சாந்து அமுக்கியவர்களிலேயே நாலு பேர் லாஞ்ச்காரர்கள்.

பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை. மிச்சமிருந்த கோழி வலையை எடுத்து, கூடத்துக்குப் பின்னால் ஒரு ஆமை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒதுங்கியதில் ஒன்றை நூல் வைத்து அளந்து அதே அளவு. நான் 316 கம்பித் துண்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்துவிட்டேன்.

16 பிப்ரவரி 2025

ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் நேராக வந்து ஆமை முன்னால் நின்றார், நாங்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து, “வூட்டுக்குள்ளதான பூரக்கூடாது? இது வாசல். இருந்துட்டுப் போவுது” என்றார். அப்புறம் இரண்டடி போய்த் திரும்பி வந்து, “மூஞ்சியை மட்டும் தெருவைப் பாக்க வெக்காத” என்றார்.

அதனால் கடலைப் பார்த்து வைத்திருக்கிறோம். தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு வால்தான் தெரியும்.